பட்டியல் தொலைந்த நூலகம்: பிரிட்டிஷ் நூலகத்தில் 2023இல் நடந்தது

2023 அக்டோபர் 28, சனிக்கிழமை. காலை ஏழரை மணி வாக்கில் பிரிட்டிஷ் நூலகத்தின் தொழில்நுட்பப் பிரிவு ஊழியர் ஒருவர் நூலக நெட்வொர்க்குக்குள் நுழையப் பார்த்தார். முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் யாருக்குமே முடியவில்லை என்று தெரிந்தது. இணையதளம், நூற்பட்டியல், மின்னஞ்சல், வாசிப்பறை வைஃபை என்று வரிசையாக எல்லாம் படுத்துவிட்டன. நெருக்கடிக் குழுவைக் கூட்ட வேண்டும், ஆனால் அலுவலக மின்னஞ்சல் இல்லை. கடைசியில் வாட்ஸ்அப்பில்தான் கூடினார்கள். 17 கோடிப் பொருட்களைக் காக்கும் தேசிய நூலகத்தின் நெருக்கடி நிர்வாகம், நம் வீட்டுக் கல்யாணத்துக்குக் குழு ஆரம்பிக்கும் அதே செயலியில் நடந்தது.

அன்று அலமாரியிலிருந்து ஒரு புத்தகம்கூடப் போகவில்லை. இங்கிலாந்தின் பழைய உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டா பெட்டகத்தில் பத்திரமாக இருந்தது. ஆனால் எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியல் போய்விட்டது. நூலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். பட்டியல் போனால் மிஞ்சுவது புத்தகக் கிடங்குதான்.

இந்த நிகழ்வை விவரமாக எழுதக் காரணம் உண்டு. 2024 மார்ச் 8 அன்று பிரிட்டிஷ் நூலகம் தனக்கு நேர்ந்ததைத் தானே எழுதி, யாரும் படிக்கலாம் என்று வெளியிட்டது. 18 பக்க அறிக்கை. தாக்கப்பட்ட நிறுவனங்கள் வழக்கமாக வக்கீல் சொன்ன இரண்டு வரி அறிக்கையோடு வாயை மூடிக்கொள்ளும். இவர்கள் எந்தக் கதவைப் பூட்டாமல் விட்டோம் என்பது வரை எழுதினார்கள். கீழே வரும் விவரங்களில் பெரும்பகுதி அந்த அறிக்கை தருவதுதான். கருத்துகள் என்னுடையவை.

பூட்டாத கதவு

2020 பிப்ரவரியில் நூலகம் ஒரு டெர்மினல் சர்வரை நிறுவியது. வெளியிலிருந்து வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனங்களும் நூலகத்தின் சொந்தத் தொழில்நுட்ப ஊழியர்களும் தொலைவிலிருந்தே நூலகக் கணினிகளுக்குள் வர அது ஒரு வாசல். அடுத்த மாதமே கொரோனா வந்தது. வாசலில் போக்குவரத்து கூடியது.

அதே 2020இல் நூலகம் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் கொண்டுவந்தது. பாஸ்வேர்டு போட்ட பிறகு கைபேசிக்கு வரும் எண்ணையும் கேட்கிற ஏற்பாடு, நாம் வங்கியில் ஓடிபி என்று சொல்வது. மின்னஞ்சலுக்கும் மேகக்கணினிச் சேவைகளுக்கும் அது வந்தது. நூலகத்தின் சொந்த சர்வர்களுக்குள் நுழையும் வழிக்கு மட்டும் வரவில்லை. நடைமுறைச் சிக்கல், செலவு, நடந்துகொண்டிருந்த பிற திட்டங்களுக்கு ஏற்படும் பாதிப்பு ஆகிய காரணங்களால் அந்தப் பகுதி ‘எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டது’ என்கிறது அறிக்கை. பழைய அமைப்புகளை மாற்றும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பது எண்ணம்.

வைக்கப்பட்டது. யார் வைத்தார்? அறிக்கை முழுக்க நேர்மை இருக்கிறது, ஆனால் முக்கியமான இடத்தில் செயப்பாட்டுவினை வந்து உட்கார்ந்துகொள்கிறது. தனி ஆளைக் கூண்டில் ஏற்றுவது நோக்கமில்லை என்றால் சரி, ஏற்றுக்கொள்கிறேன். எந்த மட்டத்தில், எந்தக் குழு, என்ன தெரிந்துகொண்டு முடிவெடுத்தது என்று சொல்லியிருந்தால் பிற நூலகங்களுக்கு இன்னும் பயன்பட்டிருக்கும்.

வெளி நிறுவனங்களின் நுழைவு ஓர் ஆபத்து என்பதும் தெரியாமல் இல்லை. 2022 கடைசியிலேயே அதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். விரிவான பரிசீலனையை 2024க்குத் திட்டமிட்டிருந்தார்கள். தாக்கியவர்கள் 2023இலேயே வந்துவிட்டார்கள்.

அக்டோபர் 25, புதன்கிழமை இரவு 11:29. அந்நியர் ஒருவர் உள்ளே இருந்ததற்கான முதல் தடயம் அந்த நேரத்தைக் காட்டுகிறது. யாரோ ஒருவரின் பாஸ்வேர்டைத் திருடியோ ஊகித்தோ உள்ளே வந்திருக்க வேண்டும். சர்வரே பின்னர் அழிக்கப்பட்டதால் உறுதியாகச் சொல்ல வழியில்லாமல் போனது. நள்ளிரவுக்குப் பிறகு ஏதோ சரியில்லை என்ற எச்சரிக்கை பாதுகாப்பு மேலாளருக்கு வந்தது. அவர் தூங்கிவிடவில்லை. ஸ்கேன் ஓட்டினார், காலையில் மேலே தெரிவித்தார், பதிவுகளை ஆராய்ந்தார்கள். வெளிப்படையாக எதுவும் சிக்கவில்லை. சனிக்கிழமை அதிகாலை ஒன்றரை மணிக்கு நூலகத்திலிருந்து வெளியே சென்ற தரவின் அளவு 440 ஜிபி. அதற்கு ஆறு மணி நேரம் கழித்துத்தான் அந்த ஊழியர் லாகின் செய்யப் பார்த்தார்.

பூரான் கும்பல்

இதைச் செய்தோம் என்று முன்வந்த கும்பலின் பெயர் ரைசிடா. அது ஒரு பூரான் வகையின் அறிவியல் பெயர். நம் ஊர் ஈரச் சுவர்களிலும் கல்லுக்கடியிலும் திரியும் பூரான்களில் ரைசிடா இனமும் உண்டு. அந்தக் கும்பல் 2023 மே மாதம்தான் வெளியே தெரிய ஆரம்பித்தது. அதற்குள் சிலி நாட்டு ராணுவத்தின் கணினிகள் வரை போய்விட்டு வந்திருந்தது.

திருடிய விதம் கவனிக்கத்தக்கது. நிதி, தொழில்நுட்பம், பணியாளர் ஆகிய மூன்று பிரிவுகளின் கோப்புகளை மொத்தமாக அள்ளினார்கள். எடுத்ததில் 60 சதவீதம் இதுதான். மீதி 40 சதவீதத்துக்கு ஒரு தேடுதல். ‘பாஸ்போர்ட்’, ‘ரகசியம்’ போன்ற சொற்கள் எந்தக் கோப்பில் இருக்கிறதோ அதையெல்லாம் எடு என்று ஏவிவிட்டார்கள். அதோடு, நூலகத்தின் சொந்த மென்பொருள் கருவிகளை வைத்தே 22 தரவுத்தளங்களுக்கு நகல் எடுத்தார்கள். ஒரு நல்ல நூலகர் தேடுவதுபோல் தேடியிருக்கிறார்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். குறிச்சொல்லின் பலம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நவம்பர் 20 அன்று தரவு ஏலத்துக்கு வந்தது. பாஸ்போர்ட் படங்களும் பணி ஆவணங்களும் மாதிரிக்கு வைக்கப்பட்டன. ஆரம்ப விலை 20 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 6 லட்சம் பவுண்டு. நூலகம் கொடுக்கவில்லை. பொதுப்பணத்தில் இயங்கும் நிறுவனங்கள் பிணைத்தொகை கொடுப்பதில்லை என்பது பிரிட்டனின் நிலைப்பாடு. ஒரு வாரக் கெடு முடிந்ததும் ஏறத்தாழ 5 லட்சம் கோப்புகளை, சுமார் 600 ஜிபி, இணையத்தின் இருட்டுப் பகுதியில் கொட்டிவிட்டார்கள்.

கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கொடுத்தால் தரவு திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் திருடனின் வாய்ச்சொல்தான். கொடுத்த பணம் அடுத்த நூலகத்தைத் தாக்கும் முதலீடாகப் போகும். இந்த ஒரு முடிவில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாஸ்போர்ட் நகல் வெளியே போன ஊழியர் என்ன நினைப்பார் என்பது வேறு கதை.

பேக்கப் இருந்தது, இடம் இல்லை

திருட்டைவிட நூலகத்தை முடக்கியது அடுத்து நடந்த வேலைதான். போகும்போது கும்பல் பல கணினிகளைப் பூட்டு மென்பொருளால் பூட்டியது. தடயம் அழிக்கவும் மீட்பைத் தடுக்கவும் சில சர்வர்களை அடியோடு அழித்தது.

நூலகத்திடம் பேக்கப் இருந்தது. மின்வடிவ நூல்கள், ஸ்கேன் செய்த சுவடிகள், அவற்றைப் பற்றிய விவரக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் பத்திரமான நகல் இருந்தது. அதைத் திரும்ப ஏற்றுவதற்குத்தான் இடமில்லை. இருந்த பழைய மென்பொருட்களில் பலவற்றை விற்ற நிறுவனமே இப்போது ஆதரிப்பதில்லை. மற்றவை புதிய பாதுகாப்பான சர்வரில் ஓடாது. வீடு இடிந்துவிட்டது, சாமான்கள் பத்திரமாக லாரியில் இருக்கின்றன, எங்கே இறக்குவது? அந்த நிலைமை மாதக்கணக்கில் நீடித்தது.

ஏன் இவ்வளவு பழைய அமைப்புகள்? பிரிட்டிஷ் நூலகம் பல நிறுவனங்கள் சேர்ந்து உருவானது. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு மென்பொருள், ஒவ்வொரு சேகரிப்புக்கும் ஒரு தரவுத்தளம் என்று பல பத்தாண்டுகளாகச் சேர்ந்துவிட்டது. ஒன்றோடொன்று பேசாத அமைப்புகளுக்கு நடுவே ஊழியர்கள் கையால் தரவை எடுத்து இன்னொன்றில் போட வேண்டியிருந்தது. அதனாலேயே வாசகர்களின், ஊழியர்களின் சொந்த விவரங்கள் நெட்வொர்க்கில் பல இடங்களில் நகல் நகலாகக் கிடந்தன. தொழில்நுட்பப் பிரிவில் ஆள் போதாமல் வேலைப்பளு முன்பே அதிகம். 2019இல் பெற்ற அரசுப் பாதுகாப்புச் சான்றிதழின் விதிகள் 2022இல் மாறியபோது, பழைய அமைப்புகளை மாற்றாமல் அதைப் புதுப்பிக்க முடியவில்லை.

என் பார்வையில் இந்த ஆய்வின் மையம் இதுதான். புதிய கண்காட்சிக்கும் புதிய கட்டடத்துக்கும் நன்கொடையாளர் கிடைப்பார், ரிப்பன் வெட்ட அமைச்சர் வருவார். பழைய சர்வரை மாற்றியதற்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. அடுத்த பட்ஜெட்டில் பார்ப்போம் என்று தள்ளுவது எளிது. தள்ளிய செலவு வட்டியோடு வந்தது. மீட்புக்கு 60 முதல் 70 லட்சம் பவுண்டு ஆகலாம், நூலகத்தின் கையிருப்பில் 40 சதவீதம் கரையும் என்று பைனான்சியல் டைம்ஸ் எழுதியது.

பென்சிலும் சீட்டும்

வாசகர்கள் பக்கம் என்ன நடந்தது? லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் கட்டடம் மூடப்படவில்லை. வாசிப்பறைகளில் உட்காரலாம், சொந்த வேலை பார்க்கலாம். புத்தகம் வேண்டுமென்றால் கோரிக்கைச் சீட்டில் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். புத்தகம் எந்த அலமாரியில் என்று காட்டும் இட எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். பட்டியல் இல்லாமல் அது எப்படித் தெரியும்? பழைய அச்சுப் பட்டியல்களைப் புரட்ட வேண்டும், அல்லது வேறு யாராவது தன் ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகக் கொடுத்திருக்க வேண்டும்.

சேகரிப்பின் பெரும்பகுதி லண்டனில் இல்லை. யார்க்‌ஷயரில் பாஸ்டன் ஸ்பா என்ற இடத்தில் இருக்கிறது. அங்குள்ள ஒரு கிடங்கில் 70 லட்சம் பொருட்களை எடுத்துக் கொடுப்பது இயந்திரக் கை. கணினி சொல்லாமல் அந்தக் கை அசையாது. ஆக, முதல் மாதங்களில் அங்கிருந்து எதுவும் வரவில்லை. முனைவர் பட்டத்துக்கு நாள் நெருங்கியவர்கள் தவித்தார்கள். பிரிட்டனின் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தேடித்தரும் சேவையும் சேர்ந்து போயிருந்தது.

இன்னொன்று. நம் நாட்டில் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர்கள் கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் புத்தகப் பிரதி அனுப்ப வேண்டும் அல்லவா? அங்கே அதே மாதிரிச் சட்டப் பிரதிகள் ஆறு நூலகங்களுக்குப் போகும். 2013இலிருந்து மின்நூல்களும் மின்னிதழ்களும் அதில் சேர்ந்தன. அவற்றைச் சேமித்துப் பரிமாறும் பொது அமைப்பு பிரிட்டிஷ் நூலகத்தில் இருந்தது. அது விழுந்ததும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், எடின்பரோ, வேல்ஸ், டப்ளின் என்று மற்ற ஐந்து இடங்களிலும் அந்த மின்பிரதிகளைத் திறக்க முடியவில்லை. ஆறு இடத்தில் வைப்பதே ஒன்று போனாலும் மற்றது இருக்கட்டும் என்றுதான். காகிதத்தில் அந்த யோசனை வேலை செய்தது. மின்வடிவத்துக்கு மாறியபோது ஆறு வாசல் இருந்தாலும் அறை ஒன்றாகிவிட்டது. அறிக்கையில் இது தலைப்புச் செய்தி இல்லை, ஆனால் எனக்கு இதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எழுத்தாளர்களும் மாட்டினார்கள். பிரிட்டனில் பொது நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் இரவல் போகும்போதெல்லாம் எழுதியவருக்குச் சில பென்ஸ் கிடைக்கும். ஒருவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 6,600 பவுண்டு. இதைக் கணக்கிட்டுக் கொடுப்பதும் பிரிட்டிஷ் நூலகம்தான், அயர்லாந்துக்கும் சேர்த்து. பிரிட்டன் எழுத்தாளர்களுக்கு எப்படியோ சமாளித்துப் பணம் அனுப்பினார்கள். அயர்லாந்துப் பட்டுவாடா தாமதமானது. தமிழ் எழுத்தாளர் ஒருவர் இதைப் படித்தால், இரவலுக்குக் காசு கொடுப்பார்களா என்ற இடத்திலேயே நின்றுவிடுவார், தாக்குதலுக்கு வரமாட்டார்.

2024 ஜனவரி 15 அன்று முதன்மைப் பட்டியல் திரும்பியது. 3.6 கோடிப் பதிவுகள். தேடலாம், பார்க்கலாம், இணையத்திலேயே புத்தகத்தைக் கோர முடியாது. அப்போதைய தலைமை நிர்வாகி ரோலி கீட்டிங் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ‘மறுகட்டுமானமும் புதுப்பிப்பும்’ என்ற பெயரில் 18 மாதத் திட்டம் ஒன்று போட்டார்கள்.

அதே சனிக்கிழமை, டொரொண்டோ

வினோதமான தற்செயல். அதே அக்டோபர் 28 அன்று கனடாவில் டொரொண்டோ பொது நூலகத்தையும் வேறொரு கும்பல் தாக்கியது. 100 கிளைகள், ஸ்கார்பரோ பக்கம் நம்மவர்கள் தமிழ்ப் புத்தகம் எடுக்கும் கிளைகள் உட்பட. அவர்களும் பிணைத்தொகை கொடுக்கவில்லை. 1998 முதல் அங்கே வேலை பார்த்த ஊழியர்களின் விவரங்கள் களவு போயின.

ஆனால் இங்கே சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. கிளைகளைத் திறந்தே வைத்து, இரவல் கொடுப்பதைக் கையால் குறித்துக்கொண்டார்கள். கொடுப்பது சரி. திரும்பி வரும் புத்தகத்தை என்ன செய்வது? அது திரும்பியதாகக் கணினியில் பதியாமல் அலமாரியில் வைத்தால், ஒரே புத்தகம் அலமாரியிலும் வாசகர் கணக்கிலும் ஒரே நேரத்தில் இருக்கும். எனவே பதிய முடிகிறவரை ஒதுக்கி வைத்தார்கள். சுமார் 10 லட்சம் புத்தகங்கள் லாரி டிரெய்லர்களில் அடைந்து கிடந்தன. அலமாரிகள் காலியாகிக்கொண்டே போயின. 2024 பிப்ரவரியில் கணினிகள் திரும்பியபோது, அந்தப் பத்து லட்சத்தையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கிளைகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் நூலகம் ஆராய்ச்சி நூலகம், புத்தகம் வெளியே போகாது. டொரொண்டோ ஊர் நூலகம், புத்தகம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே நோய் இரண்டு உடம்பில் வெவ்வேறு இடத்தில் வலித்தது.

போப் ஐயரின் பட்டியல்

லண்டன் தாக்குதலில் தமிழும் மாட்டியது. அழியும் நிலையில் உள்ள ஆவணங்களைக் காக்கும் திட்டம் ஒன்றைப் பிரிட்டிஷ் நூலகம் நடத்துகிறது. அதன் உதவியோடு சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் மின்னுருவாக்கியிருக்கிறது. அந்தத் திட்டத்தின் இணையதளமும் தாக்குதலோடு மறைந்தது. உலகெங்கும் தமிழ் ஆய்வாளர்கள் சேமித்து வைத்திருந்த இணைப்புகள் வெற்றுப் பக்கத்தைக் காட்டின. நல்லவேளை, இந்தத் திட்டத்தின் விதி உறுதியானது. மூல ஆவணம் அந்தந்த நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது, மின்னுருவின் ஒரு பிரதி உள்ளூர் நிறுவனத்திடமும் இருக்க வேண்டும். லண்டனில் திரை இருண்டபோதும் சென்னையில் அந்தப் பிரதி இருந்தது. மேலே சொன்ன ஆறு வாசல் ஓர் அறைக் கதைக்கு இதுதான் எதிர்க்கதை.

இன்னொரு தமிழ்த் தொடர்பும் ஞாபகத்துக்கு வருகிறது. பிரிட்டிஷ் மியூசியத்தின் நூலகத்தில் இருந்த தமிழ் நூல்களுக்கு பார்னெட்டும் ஜி. யு. போப்பும் தொகுத்த பட்டியல் 1909இல் அச்சானது. அந்தச் சேகரிப்புதான் பின்னர் பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்தது. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த போப் ஐயர் பட்டியலும் போட்டார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. 2023 நவம்பரில், 3.6 கோடிப் பதிவுகள் இருட்டில் கிடந்தபோது, அந்தத் தமிழ்ப் பட்டியலைத் திறக்க பாஸ்வேர்டு தேவைப்படவில்லை.

இதற்காக அட்டைப் பட்டியல்களுக்குத் திரும்புங்கள் என்று சொல்ல வரவில்லை. அட்டைப் பட்டியலோடு பத்து வருடம் மல்லுக்கட்டியவன் நான், அந்த ஏக்கமெல்லாம் எனக்கு இல்லை. ஆனால் அறிக்கையைப் படித்து முடித்த வாரம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் சிறிய நூலகத்தில் கோஹா என்ற நூலக மென்பொருள் ஓடுகிறது. தினமும் இரவு பேக்கப் எடுக்கிறோம், வெளித்தட்டில் நகல் வைக்கிறோம், பதிவேட்டில் கையெழுத்தும் போடுகிறோம். அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்திருக்கிறோமா என்று உதவியாளரிடம் கேட்டேன். “இல்ல சார், இதுவரைக்கும் தேவை வரலையே” என்றார்.

ஒரு பழைய கணினியைத் துடைத்து எடுத்து உட்கார்ந்தோம். மூன்று மணி நேரம் ஆனது. ஏறிவிட்டது. ஆங்கிலத் தலைப்புகள் ஒழுங்காக வந்தன. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் யாரோ பதிந்திருந்த சுமார் நானூறு தமிழ்த் தலைப்புகள் மட்டும் கட்டம் கட்டமாக வந்தன. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் அந்தப் பழைய எழுத்துரு இருந்ததால் இத்தனை நாள் தெரியவில்லை. இப்போது சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இருபது தலைப்பாகத் திரும்பத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம்.